பழைய ட்ரக்குக்குப் புது மோட்டார்தான் தீர்வா?

கேள்வி: என்னிடம் 2011-இல் வாங்கிய டிராக்சஸ் ஸ்லாஷ் ரிமோட் ட்ரக் இருக்கிறது. 1/10 அளவு, பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வகை. மோட்டார், இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) எல்லாம் வாங்கியபோது வந்தவையே. 3000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஏழு செல் நிக்கல் பேட்டரியை மட்டும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் மாற்றினேன். நடுவில் வண்டி வெகுகாலம் பரணில் கிடந்தது. இப்போது நானும் 11 வயது மகளும் மாறி மாறி ஓட்டுகிறோம். முன்போல் வேகம் இல்லை. எட்டு நிமிடத்தில் சார்ஜ் தீர்கிறது. நேராக ஓட மறுக்கிறது. 3எஸ் லிப்போவில், அதாவது மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில், ஓடும் பிரஷ்லெஸ் (உள்ளே தேயும் பிரஷ் இல்லாத) மோட்டார் செட் வாங்கலாமா, அலுமினிய சஸ்பென்ஷன் ஆர்ம்கள் (சக்கரங்களைச் சட்டகத்தோடு இணைக்கும் கைகள்) அடங்கிய முழு செட் வாங்கலாமா, அல்லது இதை விற்றுவிட்டுப் புது வண்டியே வாங்கிவிடலாமா? மூன்றில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்லியிருக்கும் குறைகள் மூன்று, வாங்க நினைப்பவையும் மூன்று; ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பிரஷ்லெஸ் மோட்டார் போட்டால் வேகம் கட்டாயம் கூடும் என்றாலும், இப்போது நேராக ஓட மறுக்கும் வண்டி அப்போது இரண்டு மடங்கு வேகத்தில் நேராக ஓட மறுக்கும். அலுமினிய ஆர்ம்கள் உங்கள் குறைகளில் எதையுமே தொடா. புது வண்டி எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்க்கும் என்பது உண்மைதான், ஆனால் உங்களிடம் இருப்பது கைவிட வேண்டிய வண்டியாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே என் பரிந்துரை உங்கள் பட்டியலிலேயே இல்லாதது: மோட்டாரை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, சக்கர பேரிங்குகளையும் ஸ்டியரிங் சர்வோவையும் மாற்றுங்கள், மீதமுள்ள பணத்தில் ஒரு 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பேட்டரியும் அதற்கு உரிய பேலன்ஸ் சார்ஜரும் வாங்குங்கள். பிரஷ்லெஸ் செட்டோடு 3எஸ் பேட்டரியையும் சார்ஜரையும் சேர்த்துக் கணக்கிட்டால் வரும் தொகைக்குள் இவை அனைத்தும் அடங்கிவிடும்.

எட்டு நிமிடம் என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது எனக்குப் பெரிய துப்பு. 3000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 3 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரக்கூடிய கொள்ளளவு. அதை எட்டே நிமிடத்தில் காலி செய்ய வேண்டுமானால் வண்டி தொடக்கம் முதல் முடிவு வரை சராசரியாக 22 ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள ஸ்லாஷ், அதோடு வரும் டைட்டன் மோட்டாரோடு (உள்ளே கம்பி 12 சுற்று சுற்றிய வகை), சாதாரண மைதானத்தில் அவ்வளவு இழுக்காது. எனவே ஒன்று, பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் 3000 இப்போது அதற்குள் இல்லை. அல்லது வண்டிக்குள் எங்கோ உராய்வு மின்சாரத்தைத் தின்கிறது. பரணில் கிடந்து என் மேசைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

உராய்வைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. வண்டியை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்து முதலில் முன் சக்கரங்களைக் கையால் சுண்டிவிடுங்கள். அவற்றோடு மோட்டாருக்குத் தொடர்பே கிடையாது என்பதால் சத்தமின்றி நெடுநேரம் சுற்ற வேண்டும். இரண்டு சுற்றில் நின்றாலோ, விரல் நுனியில் மணல் அரைபடுவது போன்ற நறநறப்புத் தெரிந்தாலோ அந்தச் சக்கரத்தின் பேரிங்குகள் போய்விட்டன என்று பொருள். அடுத்து மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, அதன் சிறிய கியரான பினியனைப் பெரிய ஸ்பர் கியரிலிருந்து விலக்கிவிட்டு ஒரு பின் சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றப் பின் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும்; அது, இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் கியர் தொகுதியான டிஃபரன்ஷியலின் இயல்பு, குறையல்ல. ஆனால் சுற்றும்போது இடையிடையே தட்டுப்பட்டாலோ இறுகிப் பின் தளர்ந்தாலோ உள்ளே ஒரு பேரிங்கோ கியரோ கெட்டிருக்கிறது.

ஈரத்தில் ஓட்டிவிட்டு உலர்த்தாமல் வைத்த வண்டிகளில் முதலில் சாவது பேரிங்தான். பழைய கிரீஸ் கெட்டியாகி, அதோடு துரு சேர்ந்து, பந்துகள் உருளுவதற்குப் பதில் வழுக்கத் தொடங்கும். சக்கரங்களில் பெரும்பாலும் 5×11×4 மி.மீ. அளவு பேரிங்குகள் இருக்கும். ஆனால் வாங்கும் முன் கழற்றி அளந்து பாருங்கள், ட்ரான்ஸ்மிஷனுக்குள் வேறு அளவுகளும் உண்டு. இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ள வகையே தூசிக்கும் நீருக்கும் ஏற்றது. உலோக மூடியுள்ளவை சற்று லேசாகச் சுற்றும் என்றாலும் தெருவில் ஓடும் வண்டிக்கு அந்த லாபம் வேண்டியதில்லை. பழையவற்றைக் கழுவி எண்ணெய் விட்டுப் பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். நறநறப்பு வந்த பிறகு கழுவுவது சில வாரங்களுக்கு மட்டும் பயன் தரும். வண்டி முழுவதற்குமான பேரிங் செட் இந்த வண்டியில் செய்யக்கூடிய செலவுகளிலேயே மிகச் சிறியது. அதன் பயனோ வேகம், ஓடும் நேரம், மோட்டாரின் சூடு ஆகிய மூன்றிலும் தெரியும். இதில் விளம்பரத்துக்கு எதுவும் இல்லை என்பதாலோ என்னவோ, எல்லோரும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

பினியனை மீண்டும் பொருத்தும்போது இரு கியர்களுக்கும் இடையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து அழுத்தி, திருகுகளை இறுக்கிய பிறகு காகிதத்தைச் சுழற்றி எடுங்கள். இறுக்கமாக வைத்தால் மோட்டார் சூடாகும். தளர்வாக வைத்தால் ஸ்பர் கியரின் பற்கள் உதிரும். திறந்ததுதான் திறந்தீர்கள், திடீர் அதிர்ச்சியில் சற்று வழுக்கிக் கியர்களைக் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச்சையும் பார்த்துவிடுங்கள். இரண்டு பின் சக்கரங்களையும் அசையாமல் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஸ்பர் கியரைத் தள்ளினால் அது கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் நகர வேண்டும். தாராளமாக வழுக்கினால் உங்கள் வேகத்தில் ஒரு பகுதி அங்கேயே வெப்பமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

நேராக ஓடாத குறைக்கு வருவோம். இதற்குச் சர்வோவைக் குற்றம் சொல்லும் முன் அதற்கும் சக்கரத்துக்கும் இடையில் இருப்பவற்றைப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் எந்த மூட்டில் தெரிகிறதோ அங்கே தேய்மானம். பந்து மூட்டுகளின் பிளாஸ்டிக் முனைகள், ஆர்ம்களைப் பிடித்திருக்கும் ஊசிகள், ஸ்டியரிங் நெம்புகோல்கள் என எல்லாமே சிறிய, மலிவான பாகங்கள். பிறகு முதலில் ரிமோட்டையும் அடுத்து வண்டியையும் ஆன் செய்து, ஸ்டியரிங்கை இடது கோடிக்குத் திருப்பி விடுங்கள். சக்கரங்கள் நடுவில் வந்து நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அதையே வலது பக்கம் செய்யுங்கள். இரு முறையும் நடு வெவ்வேறு இடத்தில் அமைந்தால், ரிமோட்டில் எவ்வளவு ட்ரிம் செய்தாலும் (நடுநிலையை நகர்த்தினாலும்) வண்டி நேராக ஓடப்போவதில்லை. நெம்புகோல்களைத் துடைத்து, தேய்ந்த முனைகளை மாற்றிய பிறகும் இது தொடர்ந்தால் சர்வோவின் உட்புறம் தேய்ந்துவிட்டது. இத்தனை ஆண்டு பழையதில் அது வியப்பில்லை.

புதுச் சர்வோ வாங்கும்போது பெரும்பாலோர் வலிமையின் எண்ணை மட்டும் பார்த்து 20, 25 கிலோ சென்டிமீட்டர் என்று எடுக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு அது வேண்டாம். சர்வோவுக்கும், ரிமோட்டின் கட்டளையை வண்டியில் வாங்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தருவது இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி என்ற சிறிய சுற்று. உங்கள் வண்டியோடு வந்த எக்ஸ்எல்-5 போன்ற எளிய இஎஸ்சியில் அது தாங்கும் மின்னோட்டம் குறைவு. பெரிய சர்வோ முழு வேகத்தில் திரும்பும் கணத்தில் இரண்டு மூன்று ஆம்பியர் இழுத்தால் மின்னழுத்தம் விழுந்து ரிசீவர் ஒரு நொடி மயங்கும். சர்வோவை மாற்றியபின் கட்டுப்பாடு இழக்கும் வண்டிகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். 8 முதல் 10 கிலோ சென்டிமீட்டர் வலிமை, உலோகக் கியர், நீர்புகாக் கூடு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். வெளியே நீண்டிருக்கும் அச்சின் பற்கள் உங்களிடமுள்ள ஹார்னோடு (அந்த அச்சில் மாட்டும் சிறு கையோடு) பொருந்துகின்றனவா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பேட்டரி. ஏழு செல் நிக்கல் பேட்டரி 8.4 வோல்ட், 2எஸ் லிப்போ 7.4 வோல்ட், அப்படியானால் லிப்போ போட்டால் வேகம் குறையாதா என்று இந்தக் கட்டத்தில் எல்லோரும் கேட்பதுண்டு. இரண்டுமே பெயரளவு மதிப்புகள். முழுதாக ஏற்றிய 2எஸ் லிப்போ செல்லுக்கு 4.2 வோல்ட் வீதம் 8.4 வோல்ட்டில் தொடங்கும். முக்கியமானது, மோட்டார் மின்னோட்டத்தை இழுக்கும் நேரத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது. வயதான நிக்கல் பேட்டரியின் உள்தடை கூடிவிட்டிருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும், அந்தச் சரிவு முழுவதும் பேட்டரியின் சூடாக வெளியேறும். ஓடி முடித்தவுடன் உங்கள் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வேகம் எங்கே போயிற்று என்பது அங்கேயே தெரிந்துவிடும். நல்ல லிப்போ அதே சுமையில் ஏறக்குறைய நிலையாக நிற்கும். 5000 மில்லி ஆம்பியர் மணி, கெட்டியான கூடு கொண்ட 2எஸ் பேட்டரி உங்களுக்கு ஏற்றது. மேலே அச்சிட்டிருக்கும் சி எண்ணைக் கொள்ளளவால் பெருக்கினால் தரக்கூடிய மின்னோட்டம் கிடைக்கும்: 5 ஆம்பியர் மணி, 30சி என்றால் 150 ஆம்பியர். அந்த எண்களில் மிகைப்படுத்தல் அதிகம்தான், ஆனால் பாதியை நம்பினாலும் டைட்டன் மோட்டாருக்குத் தாராளம்.

லிப்போவில் ஓர் எச்சரிக்கையைத் தவிர்க்க முடியாது. செல் ஒன்றின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது நிரந்தரமாகக் கெடும், வீங்கும். எக்ஸ்எல்-5 இஎஸ்சியில் இதைத் தடுக்கும் குறைமின்னழுத்தக் காப்பு உண்டு. அதை நீங்கள் ஆன் செய்ய வேண்டும். வண்டியை ஆன் செய்யும்போது இஎஸ்சியின் விளக்கு பச்சையாக எரிந்தால் காப்பு இயங்குகிறது, சிவப்பாக எரிந்தால் இயங்கவில்லை. இத்தனை காலம் நிக்கல் பேட்டரியில் ஓட்டியதால் உங்களுடையது சிவப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். காப்பே இல்லாத பழைய இஎஸ்சிகளும் புழக்கத்தில் உண்டு. பச்சைக்கு மாற்றவே முடியவில்லை என்றால் லிப்போவை அதில் செருகாதீர்கள். நிக்கல் பேட்டரியின் சார்ஜரை லிப்போவுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சமன்படுத்தும் பேலன்ஸ் சார்ஜர் வேண்டும். 5000 பேட்டரியை 5 ஆம்பியரில் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எரியாத தளத்தின் மேல், ஆள் இருக்கும்போதே ஏற்றுங்கள். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் முழு சார்ஜில் வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். சார்ஜரிலேயே அதற்கென ஒரு தேர்வு இருக்கும். வீங்கிய பேட்டரியை இன்னும் ஒரே ஒரு முறை என்று ஓட்ட வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் மோட்டாரை ஒருமுறை பார்த்தால் போதும். டைட்டன், பிரஷ்ஷைத் தனியே மாற்ற முடியாத மூடிய வகை; தேய்ந்துவிட்டால் முழு மோட்டாரையும் மாற்ற வேண்டியதுதான். பினியனை விலக்கிய நிலையில் லேசாக ஓட்டிப் பார்க்கும்போது தொடர்ந்து பெரிய நெருப்புப் பொறி தெரிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, சில நேரம் விரலால் தட்டினால்தான் சுற்றத் தொடங்குகிறது என்றாலோ அதே வகைப் புது மோட்டார் ஒன்றைப் போடுங்கள். பிரஷ்லெஸ் செட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான் அது.

3எஸ் பிரஷ்லெஸ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்குக் கணக்கே காரணம். ஸ்லாஷுக்கு வழக்கமாகப் போடும் மோட்டார் 3500 கேவி, அதாவது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3500 சுற்று. 2எஸ் முழு சார்ஜில் இது 29,400 சுற்று, 3எஸ் முழு சார்ஜில் 44,100. தயாரிப்பாளர் சொல்லும் கணக்கில் பிரஷ் மோட்டார் ஸ்லாஷ் மணிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. ஓடும், பிரஷ்லெஸ் வகை 3எஸ் பேட்டரியோடு, அதற்குரிய கியரில் 95 கி.மீ.யைத் தாண்டும். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கைத் தாங்கப்போவது வயதான பிளாஸ்டிக் அச்சுத் தண்டுகளும், முகட்டில் குதித்தால் கழன்று தெறிக்கும் ஷாக் அப்சார்பர் மூடிகளும், தேய்ந்த டிஃபரன்ஷியலும். ஆக, மோட்டார் செட்டோடு செலவு முடியாது. முதல் வாரத்தில் அச்சுத் தண்டு, அடுத்து டிஃபரன்ஷியல், பிறகு உப்பிக் கிழியும் டயர் என ஒவ்வொன்றாகக் கேட்கும். இப்போதுள்ள எக்ஸ்எல்-5, 3எஸ் பேட்டரியைத் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, 95 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 26 மீட்டர். மகளின் கையில் ரிமோட் இருக்கும்போது, நினைத்து முடிப்பதற்குள் வண்டி ஒரு வீட்டு மனையின் நீளத்தைக் கடந்திருக்கும். இதற்கு எதிர்மாறாக, உங்கள் எக்ஸ்எல்-5 இஎஸ்சியில் வேகத்தைப் பாதியாக்கும் பயிற்சி முறை ஒன்று இருக்கிறது. அவர் ஓட்டும்போது அதைப் போட்டுவிடலாம். பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

அலுமினிய ஆர்ம் செட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு அழகு, கைக்குக் கனம். நைலான் ஆர்ம் மோதலில் வளைந்து மீளும்; அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், வளையாவிட்டால் அடியை உள்ளே இருக்கும் அடுத்த பாகத்துக்குக் கடத்தும். ஓர் ஆர்மை மாற்றுவது பத்து நிமிட வேலை, அது பொருத்தப்பட்டிருக்கும் சட்டகத்தை மாற்றுவது ஒரு மாலை நேர வேலை. உலோகத்துக்குப் பணம் செலவிடத்தான் வேண்டுமென்றால் ஷாக் மூடிகளுக்குச் செலவிடுங்கள், அங்கே விறைப்பு உண்மையிலேயே தேவை. உங்கள் பழைய நைலான் ஆர்ம்களில் வெண்மையான கோடுகளோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் புது நைலான் ஆர்ம்களையே போடுங்கள். முற்றிலும் உலர்ந்த நைலான் எளிதில் நொறுங்கும், சிறிது ஈரம் ஏறியது தாக்குப்பிடிக்கும் என்பதால் புதியவற்றை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பொருத்துவோரும் உண்டு.

விற்றுவிடுவது எப்போது சரி? உதிரி பாகம் கிடைக்காத வண்டி என்றால் நானே விற்கச் சொல்வேன். ஸ்லாஷ் 2008-இல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கும் வண்டி. அதன் ட்ரான்ஸ்மிஷன் பாகங்கள் பல, அதே தயாரிப்பாளரின் ரஸ்ட்லர், ஸ்டாம்பீட், பேண்டிட் வண்டிகளோடு பொதுவானவை. இந்த வசதி இல்லாத, தயாரிப்பு நின்றுபோன ட்ரக் வைத்திருப்பவர்கள் எதையும் மேம்படுத்தும் முன் முன்பக்க ஆர்மும் ஸ்பர் கியரும் இன்று வாங்கக் கிடைக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பது நல்லது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸே விரிசல் விட்டிருந்தாலோ, நான்கு சக்கர இயக்கம்தான் வேண்டும் என்று மனம் சொன்னாலோ புது வண்டிக்குப் போங்கள். பின் சக்கர ஸ்லாஷை நான்கு சக்கர வண்டியாக்க முயல்வது, புது வண்டியைத் துண்டு துண்டாக, அதிக விலைக்கு வாங்குவதுதான்.

பேரிங்கும் சர்வோவும் லிப்போவும் போட்டு ஒரு பருவம் ஓட்டிய பிறகும் வேகம் போதவில்லை என்று இருவருக்கும் தோன்றினால், பிரஷ்லெஸ் செட்டை அப்போது வாங்கலாம். இப்போது வாங்கும் 2எஸ் பேட்டரியும் சார்ஜரும் அதற்கும் உதவும் என்பதால் எதுவும் வீணாகாது. அன்றும் 2எஸ்ஸிலேயே தொடங்குங்கள், அச்சுத் தண்டுகளை மோட்டாரோடு சேர்த்தே மாற்றுங்கள். கியர் விகிதத்தைக் கணக்கிட, ஸ்பர் கியரின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்து, ட்ரான்ஸ்மிஷனின் உள்விகிதமான 2.72-ஆல் பெருக்குங்கள்: 86 பல் ஸ்பரும் 18 பல் பினியனும் இருந்தால் 13. இந்த எண் குறையக் குறைய வேகமும் சூடும் ஏறும். ஆகவே மோட்டார் செட்டோடு வரும் அட்டவணையிலுள்ள சிறிய பினியனைப் போட்டு, ஐந்து நிமிடம் ஓட்டியபின் மோட்டாரின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். 90 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இன்னும் ஒரு பல் குறைத்துப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.